ஐந்தெழுத்தில் ஓர் ஆங்கிலச் சொற்குடும்பம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



மொழியாராய்ச்சியைப் பற்றி ஆண்டுக்கு ஒரு பிரசங்கமாவது பொதுமக்கள் காதில் விழவேண்டும் என்று கருதி, தாம் தேடிய பொருளில் ஒரு பகுதியை இதற்கென்றே எழுதிவைத்த பெருந்தகையின் நினைவுக்கு முதற்கண் என் வணக்கத்தைச் செலுத்துகிறேன். இவ்வாண்டுப் பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட விஷயம் அளவில் மிகச் சிறியது. ஆங்கிலத்தில் ஐந்தே எழுத்துகளால் ஆகி, முதலெழுத்து மட்டும் சொல்லுக்குச் சொல் மாறிவர, அதன்பின் ஐ, ஜி, எச், டி என்னும் நான்கும் அதே வரிசையில் மாறாமல் நிற்கின்ற சொற்களைப் பற்றியே பேசப்போகிறேன். அழைப்பிதழில் ‘ஐந்தெழுத்து’ என்று கண்டு சைவப் பிரசங்கம் என எண்ணி வந்த அன்பர்கள் எவரேனும் இருப்பின், ஏமாற்றத்தைப் பொறுத்துக்கொண்டு அமர்ந்திருக்குமாறு வேண்டுகிறேன். அவர்களுக்கு நன்கு பழக்கமான ஆய்த எழுத்து இப்பேச்சின் நடுவில் வந்து சேரும்.

சொற்பட்டியல்

இவற்றுள் எட்டுச் சொற்கள் பள்ளிப் பிள்ளைகளும் அறிந்தவை. இரவைக் குறிக்கும் ‘நைட்’, ஒளியைக் குறிக்கும் ‘லைட்’, வலிமையைக் குறிக்கும் ‘மைட்’, நேர்மை, உரிமை, வலப்பக்கம் ஆகிய மூன்று பொருளையும் தாங்கும் ‘ரைட்’, பார்வையைக் குறிக்கும் ‘சைட்’, சண்டையைக் குறிக்கும் ‘ஃபைட்’, இறுக்கத்தைக் குறிக்கும் ‘டைட்’ ஆகிய ஏழும் எழுத்தால் மட்டுமன்றி ஓசையாலும் ஒன்றுபட்டவை. எட்டு என்னும் எண்ணைக் குறிக்கும் ‘எயிட்’ ஒன்றுதான், கண்ணுக்கு உறவாகவும் காதுக்கு அயலாகவும், அந்த ஏழோடு சேர்ந்தும் சேராமலும் நிற்கிறது.

அருகிய வழக்கில் உள்ளவையாக இன்னும் இரண்டைச் சேர்க்கலாம். ‘பைட்’ என்பது கடற்கரையின் உள்வளைவையும், கயிற்றை மடக்கும்போது உண்டாகும் வளைவையும் குறிக்கும் மாலுமிகளின் சொல்; ஆஸ்திரேலியாவின் தென்கரையில் உள்ள பெரிய வளைகுடாவுக்கும், வட கடலில் ஜெர்மானியக் கரையை ஒட்டிய நீர்ப்பரப்புக்கும் இச்சொல்லே பெயரில் அமைந்திருக்கிறது. ‘வைட்’ என்பது உயிருள்ள ஒரு பிராணி, ஓர் ஆள் என்னும் பொருளில் பழங்கதைகளிலும் கவிதைகளிலும் பயின்றுவருவது. இங்கிலாந்துக்குத் தெற்கேயுள்ள தீவின் பெயரும் இதே வடிவில் எழுதப்படினும் அதன் பிறப்பு வேறு. இவற்றின் பின்னும் ‘இன்ன பெயர்பெற்ற’ என்னும் பொருளுடைய ‘ஹைட்’ என்ற சொல்லும், ‘அலங்கரிக்கப்பட்ட’ என்னும் பொருளுடையதும், நம் எழுத்தில் எழுதினால் இறுக்கத்தைக் குறிக்கும் சொல்லினின்று வேறுபாடு தெரியாததுமான மற்றொரு ‘டைட்’டும் உண்டு. அவை இரண்டும் வழக்கொழிந்தவையாதலால் அவற்றை இங்கே விட்டு, எட்டும் இரண்டுமாகப் பத்துச் சொற்களை மட்டும் கைக்கொள்வோம்.

இவ்வாறு எழுத்தின் வடிவத்தையும் எண்ணிக்கையையும் மட்டுமே அளவுகோலாக வைத்துக்கொண்டு, பொருளைப் பற்றிய கவலையே இன்றிச் சொற்களைத் திரட்டுவது பொழுதுபோக்குக்காரர்களின் வேலையாயிற்றே, ஆராய்ச்சிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அப்படித் திரட்டிய பட்டியலும், ஒழுங்காகப் படிக்கத் தெரிந்தவர்க்கு ஒரு சரித்திர சாசனமே என்பதும், வாய் மறந்துவிட்ட ஒலிகளைக் கண் காத்துவைத்திருப்பது வீணான பிடிவாதம் அன்று என்பதுமே இன்று நான் நிலைநாட்ட விரும்பும் கருத்து.

ஈற்றால் அடுக்கும் மரபு

சொற்களை முதலெழுத்தின் வரிசையில் அடுக்குவதே அகராதி என்று நாம் பழகிவிட்டோம். ஆனால் பீட்டர் லெவின்ஸ் என்பவர் 1570-இல் வெளியிட்ட ஆங்கில-லத்தீன் சொற்கோவை, ஆங்கிலச் சொற்களை அவற்றின் ஈற்றைக் கொண்டு வரிசைப்படுத்தியது. அதற்கு இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் 1775-இல் ஜான் வாக்கர் வெளியிட்ட அகராதியும், கடைசி எழுத்திலிருந்து பின்னோக்கிப் படித்தால் அகரவரிசை அமையுமாறு தொகுக்கப்பட்டது. கவிகளுக்கு இயைபு தேடிக் கொடுப்பது அதன் பயன்களுள் ஒன்று. இத்தகைய நூல்களில்தான் நம் பத்துச் சொற்களும் ஒரே பக்கத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும். சாதாரண அகராதியிலோ அவை ஒன்றையொன்று அறியாமல் நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு அப்பால் சிதறிக் கிடக்கும்.

நமக்கு இது புதுமை அன்று. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளுள், ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைக் கூறும் பதினோராவது தொகுதி, சொற்களை முதலெழுத்தால் அடுக்காமல், இரண்டாம் எழுத்தைக் கொண்டு ககர எதுகை, ஙகர எதுகை என்று அடுக்கிச் செல்கிறது. திண்ணைப் பள்ளிகளில் நெட்டுருப் பண்ணிய பிள்ளைகளுக்கு அந்த அமைப்பே நினைவுக்கு ஊன்றுகோலாக இருந்தது. முதலெழுத்து வேறுபட, இரண்டாம் எழுத்து ஒன்றிநிற்க, முதலெழுத்தின் அளவும் ஒத்திருப்பதை எதுகை என்று வகுத்த நம் யாப்பிலக்கணக்காரர், நைட், லைட், ரைட் என்னும் இவ்வரிசையைக் கேட்டிருந்தால், வேறு பெயர் தேடி அலைந்திருக்கமாட்டார்கள்.

மறைந்த ஓர் ஒலி

இனி, ஒலிக்கப்படாமலே எழுதப்படும் ஜி, எச் என்னும் இரண்டு எழுத்துகளின் விஷயத்துக்கு வருவோம். ஆங்கிலம் கற்கும் தமிழ்ப் பிள்ளை எவனும், இவை எதற்காக இங்கே இருக்கின்றன என்று ஒருமுறையேனும் ஆசிரியரைக் கேட்டிருப்பான். அவை மௌன எழுத்துகள் என்ற விடையைப் பெற்று மௌனமாகவும் ஆகியிருப்பான். அந்த விடை பொய்யன்று, ஆனால் அரைகுறையானது. அவை பிறவி ஊமைகள் அல்ல. பேசிப் பேசிப் பின்னர் வாய் மூடியவை.

ஆல்ஃபிரட் மன்னன் ஆண்ட ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வழங்கிய பழைய ஆங்கிலத்தில், இரவைக் குறிக்கும் சொல் என், ஐ, எச், டி என்னும் நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. அங்கே நின்ற எச், இக்காலத்து ஹகரம் போல வெறும் மூச்சாக ஒலிக்கவில்லை. நாவை அண்ணத்துக்கு மிக அருகே கொண்டுசென்று, முழுவதும் அடைத்துவிடாமல், இடையே மூச்சை உரசவிட்டால் பிறக்கும் ஒலி அது. அதைத் தமிழில் எழுதிக் காட்டவேண்டுமானால், எனக்குத் தெரிந்தவரை, ‘நிஃத்’ என்று ஆய்தம் இட்டு எழுதுவதைவிடப் பொருத்தமான வழி இல்லை. வலிமைக்கு ‘மிஃத்’, நேர்மைக்கு ‘ரிஃத்’, எட்டு என்னும் எண்ணுக்கோ, ‘எஅஃத’ என்பதற்கு நெருங்கிய ஓர் ஒலி.

இந்த ஒப்புமையில் ஒரு விசேஷம் உண்டு. தொல்காப்பியம் சார்பெழுத்து மூன்றனுள் ஒன்றாக வைத்த ஆய்தம், சொல்லில் எங்கு வேண்டுமானாலும் வருவதில்லை. முன்னே ஒரு குற்றெழுத்தும், பின்னே ஒரு வல்லின உயிர்மெய்யும் அமைய, அவ்விரண்டுக்கும் நடுவில்தான் அது நிற்கும். அஃது, எஃகு, கஃசு என்று எதை எடுத்துக்கொண்டாலும் இதுவே நிலை. பழைய ஆங்கிலத்து இரவும் வலிமையும் நேர்மையும், முன்னே குறுகிய இகரமும் பின்னே வல்லோசையான தகரமுமாக, ஏறக்குறைய அதே ஆசனத்தில் அந்த உரசொலியை அமர்த்தியிருக்கின்றன. ஆங்கிலத்தில் ஈற்றுத் தகரம் உயிரின்றித் தனிமெய்யாய் நிற்பது நம் மரபுக்கு ஒவ்வாது என்பதையும், இரண்டு மொழிகளுக்கும் இதனால் உறவு ஏதும் கற்பித்துவிட முடியாது என்பதையும் நான் மறக்கவில்லை. மூச்சை உரசவிட்டுப் பேசும் வாய் எந்த நாட்டில் இருந்தாலும், குறிலுக்கும் வல்லினத்துக்கும் இடையே அது வசதியாக உரசுகிறது என்ற அளவோடு நிறுத்திக்கொள்வோம்.

இன்னொரு தற்செயலான ஒற்றுமையையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அந்த உரசொலி வேறு சில ஆங்கிலச் சொற்களில் மறையாமல் உதட்டுக்கு இடம்பெயர்ந்தது. சிரிப்பைக் குறிக்கும் ‘லாஃப்’, இருமலைக் குறிக்கும் ‘காஃப்’ முதலிய சொற்களில் ஜி, எச் எழுத்துகளை இன்று எஃப் போல ஒலிக்கிறார்கள். நாமும் அந்த எஃப் ஒலியை எழுத வேண்டி வந்தபோது, பழந்தமிழ் ஆய்தத்தையே எடுத்துப் பகரத்தின் முன் வைத்துக்கொண்டோம்.

உறவினர்

மறைந்த ஒலிக்குச் சாட்சி கூற, உயிரோடிருக்கும் உறவினர் பலர் உளர். ஜெர்மன் மொழியில் இரவு ‘நாஃட்’, ஒளி ‘லிஃட்’, வலிமை ‘மாஃட்’, உரிமை ‘ரெஃட்’, பார்வை ‘சிஃட்’, எட்டு ‘ஆஃட்’, நெருக்கமும் இறுக்கமும் ‘டிஃட்’, கடல் வளைவு ‘புஃட்’, சிறிய ஆள் ‘விஃட்’; சண்டையிடுதலோ ‘ஃபெஃடன்’. நம் பட்டியலில் உள்ள பத்துச் சொற்களுள் ஒன்றுகூட விடுபடாமல், அத்தனைக்கும் அங்கே உறவுச்சொல் இருப்பதையும், அத்தனையிலும் அந்த உரசொலி இன்றும் தெளிவாகக் கேட்பதையும் காணும்போது, ஆங்கில எழுத்துக்கூட்டு வீம்புக்காக இரண்டு எழுத்துகளைச் சுமக்கவில்லை என்பது விளங்கும். அவ்வளவு தூரம் போகவேண்டியதும் இல்லை. ஸ்காட்லாந்தின் நாட்டுப்புற வழக்கில் இரவை ‘நிஃட்’ என்றும் ஒளியை ‘லிஃட்’ என்றும் உரசொலியோடு சொல்லும் மரபு உண்டு.

இதற்கும் முந்தைய படி ஒன்று இருக்கிறது. லத்தீனில் எட்டு ‘ஒக்டோ’, நேரானது ‘ரெக்டுஸ்’, இரவு என்னும் பெயர் வேற்றுமை ஏற்கும்போது ‘நொக்ட்’ என்று நிற்கும். சம்ஸ்கிருதத்தில் இரவுக்கு ‘நக்தம்’ என்றொரு சொல் உண்டு. ஆங்கிலம் உரசிய இடத்தில் இவை ககரத்தை அழுத்தமாக ஒலிக்கின்றன. டென்மார்க்கின் ராஸ்முஸ் ராஸ்க் 1818-இலும், ஜெர்மனியின் யாக்கோப் கிரிம் 1822-இலும் எடுத்து விளக்கிய ஒலிமாற்ற விதிகளின்படி, ஆதி மொழியின் ககரம் ஜெர்மானியக் கிளையில் உரசொலியாகத் தளர்ந்தது என்பது பண்டிதர்கள் கண்ட முடிபு. ஆகவே நம் பட்டியலின் ஜி, எச் என்னும் ஈரெழுத்து, எட்டு என்னும் சொல்லிலும் இரவு என்னும் சொல்லிலும், பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னிருந்த ஒரு ககரத்தின் வாரிசு.

அதே ககரம் லத்தீனின் வழிவந்த மொழிகளில் வேறு கதிகளை அடைந்தது. இத்தாலியர் அதைத் தகரத்தோடு கலந்து இரட்டித்து இரவை ‘நோத்தே’ என்றும் எட்டை ‘ஓத்தோ’ என்றும் சொல்லுகிறார்கள். ஸ்பானியர் சகரமாக்கி ‘நோச்சே’, ‘ஓச்சோ’ என்கிறார்கள். இத்தாலியர் செய்த காரியம் நமக்கு எவ்வளவு அணுக்கமானது! பக்தியைப் பத்தி என்றும், முக்தியை முத்தி என்றும், சக்தியைச் சத்தி என்றும் எழுதிய நம் முன்னோரும், ககரமும் தகரமும் மோதுமிடத்தில் ககரத்தைத் தகரத்துக்குள் கரைத்தே அந்தச் சொற்களை ஏற்றுக்கொண்டார்கள்.

வாய் மாறியது, எழுத்து நின்றது

பழைய ஆங்கிலம் எச் ஒன்றால் குறித்த உரசொலியை, 1066-ஆம் ஆண்டின் நார்மானியப் படையெடுப்புக்குப் பின், பிரெஞ்சு முறையில் பயின்ற எழுத்தர்கள் நாளடைவில் ஜி, எச் என்று இரண்டு எழுத்துகளால் குறிக்கத் தலைப்பட்டார்கள். வெறும் எச் எழுத்தை மெல்லிய மூச்சாக மட்டுமே கருதிப் பழகிய அவர்களுக்கு, உரசலைக் காட்ட வேறொரு துணை வேண்டியிருந்தது. 1400-இல் மறைந்த கவிஞர் சாசரின் காலத்தில் அந்த எழுத்தும் இருந்தது. அதற்குரிய ஒலியும் இருந்தது. வில்லியம் காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சுக்கூடம் நிறுவி ஆங்கில நூல்களை அச்சிடத் தொடங்கியபோது, எழுத்துக்கூட்டு மெல்ல மெல்ல உறைந்து நிலைபெறலாயிற்று.

ஆனால் வாய் உறையவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டு முதல் பதினேழாம் நூற்றாண்டு வரையிலான காலத்தில், தென் இங்கிலாந்தின் பேச்சில் தகரத்துக்கு முன் நின்ற உரசொலி தேய்ந்து மறைந்தது. மறைந்த ஒலியின் மாத்திரையை முன்னின்ற இகரம் வாங்கிக்கொண்டு நெடிலாயிற்று. அந்த நெடிலும், மொழியறிஞர் ஓட்டோ யெஸ்பெர்சன் ‘பெரும் உயிரொலி மாற்றம்’ என்று பெயரிட்ட மாறுதலில் அகப்பட்டு, ஐகாரமாகத் திரிந்தது. நிஃத், நீட், நைட் என்று மூன்றே படிகளில் அக்கதையைச் சொல்லிவிடலாம். எட்டு என்னும் சொல் மட்டும் ஓசையில் பிரிந்து நிற்பதற்கும் இதுவே விளக்கம்: உரசொலி மறையும்போது அதன் முன் நின்றது தனி இகரம் அன்று, எகரமும் இகரமும் கூடிய ‘எய்’ என்னும் ஈருயிர், ஆகையால் அது ஐகாரத்தின் வழியில் செல்லாமல் ‘எயிட்’ என்றே தங்கியது. குடியிருந்தவர் வீட்டைக் காலி செய்த பின்னும் வாசலில் தொங்குகிற பெயர்ப்பலகையைப் போல, ஒலி போனபின்னும் ஜி, எச் அங்கேயே நின்றன.

இந்த இடத்தில் ஒரு விநோதத்தைக் கவனிக்கவேண்டும். உரசொலி மறைந்துவிட்டபின், அந்த நான்கெழுத்து அடுக்கே ஒரு சுதந்திரமான அதிகாரத்தைப் பெற்றுவிட்டது. மகிழ்ச்சியைக் குறிக்கும் ‘டிலைட்’ என்னும் சொல் ஜெர்மானிய வழியில் வந்தது அன்று. பிரெஞ்சு மூலம் ஆங்கிலம் புகுந்த அச்சொல்லில் உரசொலி ஒருநாளும் இருந்ததில்லை. நெடுங்காலம் அதை ஜி, எச் இன்றியே எழுதினர். பதினாறாம் நூற்றாண்டில், ஒளியைக் குறிக்கும் சொல்லைப் பார்த்து அதிலும் ஈரெழுத்தைச் சேர்த்துவிட்டார்கள். அதன் லத்தீன் மூலம் ‘டெலெக்டாரே’ என்பது; அதிலே ககரமும் தகரமும் அடுத்தடுத்து நிற்கின்றன. பிரெஞ்சுக்காரர் வழியில் தொலைத்த ககரத்தின் ஸ்தானத்தில், யாதொன்றும் அறியாத ஆங்கில எழுத்தர்கள் அதன் தாயாதியைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள். தவறு செய்யப்போய் இவ்வளவு சரியாகச் செய்தவர்களை மொழிச் சரித்திரத்தில் அடிக்கடி காண முடியாது.

விளையாட்டு

இத்தகைய பட்டியல்களைப் பண்டிதர்களைவிட விளையாடுகிறவர்களே மிகுதியாக நேசித்தார்கள். ஆலிஸ் கதைகளை எழுதிய லூயிஸ் கரோல் 1877-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் காலத்தில் ஒரு விளையாட்டைப் புனைந்து, 1879-இல் ‘வானிட்டி ஃபேர்’ பத்திரிகையின் வாயிலாகப் பரப்பினார். ஒரு சொல்லில் ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்தை மட்டும் மாற்றி, இடையில் வருவனவெல்லாம் பொருளுள்ள சொற்களாகவே இருக்க, அதே நீளமுள்ள வேறொரு சொல்லை அடையவேண்டும் என்பது அதன் விதி. பல படிகள் ஏறவேண்டிய அந்த ஏணியில், இரவிலிருந்து ஒளிக்குச் செல்ல ஒரே படி போதும் என்பது நம் பட்டியலின் பெருமை. பத்துச் சொற்களுள் எதிலிருந்தும் எதற்கும் ஒரே எழுத்து மாற்றத்தில் செல்லலாம். இவ்வாறு அமையும் இணைப்புகள் 45.

எல்லாச் சொற்களுக்கும் இந்த நல்லூழ் வாய்ப்பதில்லை. கணினி விஞ்ஞானியான டொனால்ட் கனூத், 5757 ஐந்தெழுத்து ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, ஓரெழுத்தால் மட்டும் வேறுபடுபவற்றையெல்லாம் கோடிட்டு இணைத்துப் பார்த்தபோது, 671 சொற்களுக்கு உறவே இல்லை என்று கண்டார். ‘ஒட்டாமல் தனித்திருப்பது’ என்ற பொருளுடைய சொல்லும் அந்த 671-இல் அடக்கம்.

1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் தேதி, லிவர்பூலில் பிறந்த ஆர்தர் வின் என்பவர் ‘நியூயார்க் வேர்ல்ட்’ பத்திரிகையில் வெளியிட்ட குறுக்கெழுத்துப் புதிர், எழுத்தடுக்கையும் நீளத்தையும் கொண்டு சொல்லைத் தேடும் வழக்கத்தை உலகெங்கும் பரப்பியது. அது எவ்வாறு சாத்தியமாகிறது என்பதற்குக் கணிதக் காரணத்தைக் கிளாட் ஷானன் 1948-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் காண்கிறோம். எழுத்துகளை எப்படிக் கூட்டினாலும் சொல்லாகிவிடுமானால் எந்தக் கட்டத்தை எப்படி நிரப்பினாலும் புதிராகிவிடும். கட்டுப்பாடுகள் மிகுந்துவிட்டாலோ, பெரிய புதிர் ஒன்றும் அமையாது. ஆங்கிலத்தின் எழுத்துகளில் ஏறக்குறையப் பாதி, மொழியின் அமைப்பாலேயே நிர்ணயிக்கப்படுவதனால்தான் குறுக்கெழுத்து விளையாட்டுக்கு இடமிருக்கிறது என்பது அவர் கூற்றின் சாரம். உயிர்மெய் ஒன்று முழுதாக ஒரு கட்டத்தில் அமரும் தமிழ்ப் புதிரைக் கட்டுபவர்களுக்கு, அந்தக் கணக்கு வேறுவிதமாக அமையும் என்பதை அத்துறையில் கைவைத்தவர்கள் அறிவார்கள்.

அண்மைக்காலத்தில், ஜோஷ் வார்டில் என்பவர் 2021-இல் பொதுமக்களுக்கு வழங்கி, 2022 ஜனவரியில் ‘நியூயார்க் டைம்ஸ்’ நிறுவனம் விலைக்கு வாங்கிய ‘வேர்டில்’ என்னும் விளையாட்டு, நம் பட்டியலுக்கு ஒரு புதிய கீர்த்தியைத் தேடிக் கொடுத்திருக்கிறது. மறைந்திருக்கும் ஐந்தெழுத்துச் சொல்லை ஆறு முயற்சிகளுக்குள் ஊகிக்கவேண்டும். ஒவ்வொரு முயற்சியிலும் எந்த எழுத்து சரியான இடத்தில் உள்ளது, எது இடம்மாறி உள்ளது, எது அறவே இல்லை என்பதை வண்ணங்கள் காட்டும். முதல் முயற்சியிலேயே பின்னான்கு எழுத்துகளும் தெரிந்துவிட்டால் விளையாடுகிறவர் வெற்றி கைக்கெட்டியதாக மகிழ்வார். ஆனால் அருகிய வழக்கில் உள்ள இரண்டையும் நீக்கினாலும் எட்டுச் சொற்கள் எதிரே நிற்க, ஐந்தே முயற்சிகள் எஞ்சியிருக்கும். முயன்ற சொல் அந்த எட்டில் ஒன்றென்று வைத்துக் கழித்தாலும் ஏழு நிற்கும். ஒவ்வொன்றாகச் சோதித்துக்கொண்டு போகிறவர் தோற்பதற்கும் இடமுண்டு.

நிதானமுள்ளவர் விடையாக இருக்கமுடியாத ஒரு சொல்லைத் தெரிந்தே பலியிடுவார். திரைப்படங்கள் என்று பொருள்படும் ‘ஃபிலிம்ஸ்’ என்ற ஐந்தெழுத்துச் சொல்லில் எஃப், எல், எம், எஸ் நான்கும் உள்ளன. ஆகவே அந்த ஒரு முயற்சியிலேயே சண்டை, ஒளி, வலிமை, பார்வை ஆகிய நான்கும் விசாரணைக்கு வந்துவிடும். நான்கில் ஓரெழுத்து ஒளிர்ந்தால் விடை கிடைத்தது. ஒன்றும் ஒளிராவிடில் எஞ்சுவன எட்டும், இரவும், நேர்மையும், இறுக்கமுமே. நரம்பு என்று பொருள்படும் ‘நெர்வ்’ என்ற சொல்லில் என், ஈ, ஆர் என்னும் மூன்றும் இருப்பதனால், அடுத்த முயற்சி அவற்றையும் பிரித்துக் காட்டிவிடும். மூன்றும் இல்லையானால் விடை இறுக்கமே. இரண்டு பலிகளும் ஒரு விடையுமாக மூன்றே முயற்சிகளில், எட்டுச் சொற்களுள் எது மறைந்திருந்தாலும் பிடிபட்டுவிடும்.

கண்ணின் காவல்

ஒலியாத எழுத்துகளைக் களைந்தெறிய விரும்பிய சீர்திருத்தக்காரர்கள் சாமானியர்கள் அல்லர். பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1768-இல் புதிய நெடுங்கணக்கு ஒன்றையே வகுத்தார். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1906-இல் முந்நூறு சொற்களை எளிய முறையில் அச்சிடும்படி அரசாங்க அச்சகத்துக்கு ஆணையிட்டு, எதிர்ப்பு வலுத்தபோது அதைக் கைவிட்டார். 1950-இல் காலமான பெர்னார்ட் ஷா தம் உயிலிலேயே புதிய எழுத்துமுறைக்குப் பொருள் ஒதுக்கினார். அவ்வெழுத்தில் அவருடைய நாடகம் ஒன்று 1962-இல் அச்சேறியதோடு அம்முயற்சி பெரும்பாலும் நின்றுவிட்டது. கடைப்பலகைகளிலும் விளம்பரங்களிலும் இரவையும் ஒளியையும் சுருக்கி எழுதுகிறார்கள். எனினும் புத்தகங்களில் ஜி, எச் அசையவில்லை.

ஏன் அசையவில்லை என்று கேட்டால், பழமைப் பற்று, சோம்பல், அச்சகத்தாரின் வசதி என்று பல காரணங்கள் சொல்லுவார்கள். அவை ஒருபுறம் இருக்க, நம் பட்டியலே ஒரு காரணத்தைக் காட்டுகிறது. நேர்மையைக் குறிக்கும் ‘ரைட்’, எழுதுதலைக் குறிக்கும் ‘ரைட்’, சடங்கைக் குறிக்கும் ‘ரைட்’, தொழில்வினைஞனைக் குறிக்கும் ‘ரைட்’ ஆகிய நான்கும் காதில் ஒன்றே. தாளில் நான்கும் வெவ்வேறு. பார்வையும், மனையிடமும், மேற்கோள் காட்டுதலும் ‘சைட்’ என்ற ஒரே ஓசையில் அடங்கிவிடுகின்றன; எழுத்தில் மூன்றாகப் பிரிகின்றன. இரவுக்கும் போர்வீரப் பெருமகனுக்கும், வலிமைக்கும் சிற்றுண்ணிக்கும், கடல் வளைவுக்கும் கடித்தலுக்கும் இதே கதிதான். ஒளிக்கும் இலேசானதற்கும் ஒரே எழுத்துக்கூட்டு அமைந்திருப்பதனால் இந்த ஏற்பாடு குறையற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் வாய்க்குப் பயனற்றுப்போன ஈரெழுத்தை, பொருளைப் பிரித்தறியும் வேலையில் கண் மீண்டும் அமர்த்திக்கொண்டது என்பதில் சந்தேகமில்லை.

நம்மிடமும் இதற்கு நிகரான காவல் உண்டு. தமிழ் பேசுவோரில் பெரும்பாலோர் இன்று ரகரத்தையும் றகரத்தையும் தனி நிலையில் வேறுபடுத்தி ஒலிப்பதில்லை. ஆயினும் இரும்பை அராவும் அரத்தையும் தருமத்தின் அறத்தையும், கரையையும் கறையையும் எழுத்தில் பிரித்தே வைத்திருக்கிறோம். இரண்டும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றனவே, ஓரெழுத்தைக் குறைத்துவிடலாமே என்று கூறுகிறவர்களுக்கு, ஆங்கிலத்தின் இந்தப் பத்துச் சொற்களே தக்க விடை என்பது என் அபிப்பிராயம். ஒலியொடு ஒட்டாத எழுத்து கற்பவனுக்குச் சுமைதான். அதை மறுப்பது நியாயமன்று. அந்தச் சுமைக்குள் என்ன இருக்கிறது என்பதைச் சொல்லாமல் கற்பிப்பதே பிழை.

ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கிறேன். இச்சொற்களைப் பாடத்துக்கு ஒன்றாகச் சிதறவிட்டு, ஒவ்வொன்றுக்கும் எழுத்துக்கூட்டைத் தனித்தனியே நெட்டுருச் செய்யவைக்காமல், பத்தையும் ஒரே நாளில் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள். பக்கத்தில் அவற்றின் ஜெர்மானிய உறவினரையும் எழுதுங்கள். நடுவில் ஆய்தத்தை இட்டு ஒருமுறை உரக்கச் சொல்லவையுங்கள். மாணவர்களுக்குச் சொல்லுவதும் ஒன்று உண்டு. கே, என் என்னும் ஈரெழுத்தோடு தொடங்கி முதலெழுத்தை மட்டும் ஒலிக்காமல் விடும் ஐந்தெழுத்துச் சொற்கள் ஆங்கிலத்தில் பல உள்ளன: கத்தி, தட்டுதல், மண்டியிடுதல், மாவு பிசைதல், சிறுகுன்று என்று அவற்றின் பொருள்கள் விரியும். அந்தக் ககரத்தை ஜெர்மானியர் இன்றும் ஒலிக்கிறார்கள். உங்களுள் ஒருவர் அவற்றைத் திரட்டி, இங்கே செய்தவாறு ஒவ்வொன்றின் பிறப்பையும் உறவையும் தேடி, அடுத்த ஆண்டு இதே அரங்கில் படிப்பாரானால், அதைக் கேட்க முதல் வரிசையில் இடம்பிடித்து அமர்வேன்.